மாறிய எஞ்சின், மாறாத லொறி

“எஞ்சின மாத்தியும் மிஸ்ஸிங் போகல்ல பாஸ்.”

சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்துக் கராஜ்களில் இந்த முறைப்பாடு புதிதல்ல. ஜப்பானிலிருந்து கழற்றி வந்த ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றைப் பல லட்சம் கொடுத்துக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கி, ஊருக்கு ஏற்றி வந்து, பூட்டி, சாவியைத் திருப்பினால் பழைய நடுக்கம் அப்படியே இருக்கிறது. சில வேளை பழையதில் இல்லாத ஒரு புது நடுக்கம் வந்து சேர்கிறது. விற்றவர் தந்த செக்கிங் வாரண்டி சில நாட்களில் முடிந்துவிடும். பிழை எஞ்சினிலா, லொறியிலா என்பது அதற்குள் தெரிந்தாக வேண்டும். பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் இது நேர்ந்தால், லொறி நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நெல்லேற்றம் வேறு ஆளுக்குப் போகும்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அந்தக் கட்டுப்பாடு தளர 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற லொறியை வைத்தே ஓட்ட வேண்டிய நிலை. லொறியை மாற்ற முடியாதவர் எஞ்சினை மாற்றினார். அம்பாறைக் கரையோரத்தில் இப்படி ஆயுள் நீட்டப்பட்டு ஓடுபவற்றில் அடிக்கடி கண்ணில் படுவது இசூசு எல்ஃப். அதன் இரண்டு தலைமுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எஞ்சின் மாற்றிய பின் வரும் மிஸ்ஸிங்கை ஒவ்வொன்றிலும் எப்படித் தேடுவது என்று இங்கே பார்க்கிறேன்.

முதலாவது 1990களின் எல்ஃப். அதன் எஞ்சின் 4 எச்.எஃப்.1, போர் 112 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 110, கொள்ளளவு 4,334 சி.சி. டீசலை அளந்து, நேரம் பார்த்து, ஒவ்வொரு நொசிலுக்கும் அடிப்பது நாலு எலிமென்ட் கொண்ட வரிசைப் பம்ப். எல்லாம் பல்சக்கரமும் கேமும் ஸ்பிரிங்கும்தான். சம்மாந்துறை வயல்வெளிகளிலிருந்து அரிசி ஆலைகளுக்கு நெல் இழுப்பது இந்த வகை லொறி. இரண்டாவது 2000களின் நடுப்பகுதியில் வந்த எல்ஃப். எஞ்சின் 4 எச்.எல்.1, போரும் ஸ்ட்ரோக்கும் 115, கொள்ளளவு 4,777 சி.சி., கொமன் ரெயில். இதில் பம்பின் வேலை டீசலை அழுத்தி ஒரு தடித்த குழாயில் தேக்கி வைப்பதோடு முடிகிறது. எந்த இன்ஜெக்டர் எந்தக் கணத்தில் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை எஞ்சினின் கணினியான ஈ.சி.யூ தீர்மானிக்கிறது. பின்னால் கூலர் பெட்டி கட்டி, மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு இரவில் மலைநாட்டுக்கும் கொழும்புக்கும் போவது இது.

எஞ்சின் மாற்றிய பின் மிஸ்ஸிங் வந்தால், புது எஞ்சினைக் குற்றம் சொல்வதற்கு முன் அது பழைய லொறியோடு சேரும் இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மாறியது எஞ்சின் மட்டும். டாங்கி, டீசல் ஹோஸ், சேஸி வயரிங், பற்றரி எர்த், மவுண்டிங் எல்லாம் பழையவை. முதல் லொறியில் அந்தச் சேருமிடம் குழாய். இரண்டாவதில் அது வயரும், ஈ.சி.யூவின் ஞாபகமும். இரண்டிலும் கேட்பது ஒரே சத்தம்தான். ஆனால் ஒன்றில் சரியான வைத்தியம் மற்றதில் ஆளையே முடமாக்கிவிடக் கூடும்.

முதலில் சத்தத்தைப் பற்றி. நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐட்லிங் ஓடும் நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 5 தடவை வெடிக்கும். நாலும் சேர்ந்தால் 20. ஒன்று செத்தால் வினாடிக்கு 5 இடைவெளி விழும். அந்த 5 சீராக விழும். காது அதைத் தாளமாகவே பிடித்துக்கொள்ளும். சீரில்லாமல், ஒரு தரம் விழுந்து பிறகு சற்று நேரம் விழாமல் இருந்தால், அது ஒரு சிலிண்டரின் சாவு அல்ல. நாலுக்கும் பொதுவான ஏதோ ஒன்று தடுமாறுகிறது. காற்றோ, தண்ணீரோ, விட்டு விட்டு அறுபடும் மின்சாரமோ. இந்த ஒரு வேறுபாட்டைக் காதால் பிரித்துவிட்டாலே பாதித் தேடல் முடிந்துவிடும். ஸ்கேனர் வைத்திருக்கும் இளம் மெக்கானிக்குகளும் இதை முதலில் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். மிஸ்ஸிங்கே இல்லாமல் நடுங்கும் லொறிகளும் உண்டு. எஞ்சினை இறக்கி ஏற்றும்போது நைந்துபோன பழைய மவுண்டிங் ரப்பரையே திரும்பப் போட்டிருந்தால், நாலு சிலிண்டரும் ஒழுங்காக வெடித்தாலும் கெபின் ஆடும். சைலன்சர் வாயில் கையைப் பிடித்துப் பார்த்தால் புகை சீராக அடிக்கும். அப்போது தேட வேண்டியது எஞ்சினுக்குக் கீழே.

ஒரு சிலிண்டர்தான் செத்திருக்கிறது என்று தெரிந்தால், எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பழைய எல்ஃபில் இதற்கு ஒரு ஸ்பனர் போதும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடுகிறது. மூத்த பாஸ் ஒருவர் பம்ப் பக்கம் குனிந்து, முதலாவது பைப் நட்டைக் கால் சுற்று இளக்குகிறார். நட்டின் அடியிலிருந்து டீசல் துடித்துத் துடித்துக் கசிகிறது. எஞ்சின் சத்தம் இன்னும் கொஞ்சம் சரிகிறது. நட்டை இறுக்குகிறார், சத்தம் பழைய நிலைக்கு வருகிறது. அந்தச் சிலிண்டர் உழைக்கிறது என்று அர்த்தம். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதை இளக்கும்போது டீசல் கசிகிறது, ஆனால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் கண்ணை எடுக்காமலே, “இதான் தம்பி, மூணாவது” என்கிறார். நாலாவதையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்கிறார். நட்டில் டீசல் கசிந்ததால் பம்பின் அந்த எலிமென்ட் ஓரளவாவது அடிக்கிறது என்பதும் இதே கையோடு தெரிந்துவிட்டது.

அடுத்தது இடமாற்றம். மூன்றாவது நொசிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை மூன்றில் போட்டால், மிஸ்ஸிங் நொசிலோடு சேர்ந்து இரண்டாவதுக்குப் போகிறதா, மூன்றிலேயே நிற்கிறதா? போனால் நொசில், அதைத் திருத்தும் பம்ப் ரூமுக்குப் போக வேண்டும். நின்றால், பம்பின் டெலிவரி வால்வா, கொம்பிரஷனா என்று பார்க்க வேண்டும். நொசிலின் அடியில் இருக்கும் செப்பு வாஷரையும் மறக்கக் கூடாது. பழைய வாஷர் உள்ளேயே ஒட்டிக் கிடக்க, அதன்மேல் புது வாஷர் போட்டு இறுக்கினால் நொசிலின் மூக்கு இருக்க வேண்டிய உயரத்தில் இராது. டீசல் பிழையான இடத்தில் தெளிக்கும். டோர்ச் அடித்துக் குழிக்குள் பார்க்க எடுக்கும் ஒரு நிமிடம் ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும்.

இப்போது இதே ஸ்பனரை எடுத்துக்கொண்டு இரண்டாவது லொறிக்குப் போனால்? போகக் கூடாது. கொமன் ரெயில் குழாயில் நிற்கும் அழுத்தம் 1,600 பார் அளவுக்கு ஏறக் கூடியது. எஞ்சின் ஓடும்போது அந்த நட்டை இளக்கினால் வெளிவரும் டீசல் கீற்று கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்மையாக இருக்கும். ஆனால் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். வெளியே ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இராது. உள்ளே டீசல் பரவிச் சதையை அழுகச் செய்யும். பல மணிநேரம் பிந்தினால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். அப்படிப் பட்டவரை வீட்டுக்கு அனுப்பாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், உயர் அழுத்த டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டொக்டரிடம் சொல்ல வேண்டும். பழைய பம்ப் எஞ்சினில் இருபது வருடம் நட் இளக்கிப் பழகிய கைக்கு இந்த எஞ்சின்தான் மிகப் பெரிய ஆபத்து, ஏனென்றால் அந்தக் கை யோசிக்காமலே ஸ்பனரை எடுக்கும். ஒவ்வொரு கராஜிலும் பொடியன்மாருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் இது. எழுதி ஒட்டினாலும் நல்லதுதான்.

ஆனால் நட் இளக்குவதன் நோக்கம் இங்கேயும் செல்லும். செய்யும் வழிதான் வேறு. ஸ்கேனரை மாட்டி, ஒவ்வொரு இன்ஜெக்டரையும் தனித்தனியாக நிறுத்தும் சோதனையை ஓட விடலாம். ஈ.சி.யூ முதலாவதைச் சில வினாடி நிறுத்தும். எஞ்சின் சரிந்தால் அது உழைக்கிறது. சத்தம் மாறாவிட்டால் அதுதான் செத்தது. மூத்தவர் ஸ்பனரால் கேட்ட அதே கேள்வியை இளையவர் வயரால் கேட்கிறார். இருவரும் பக்கத்தில் நின்றால் ஒருவர் செய்வது மற்றவருக்கு உடனே புரியும். அப்படி நிற்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நொசில் இடமாற்றத்தில் வேறுபாடு இன்னும் ஆழமாகப் போகிறது. இந்த வகைக் கொமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு கோட் பொறிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் அந்த ஒரு இன்ஜெக்டரை அளந்து பார்த்து, அது எவ்வளவு கூட்டிக் குறைத்துத் தெளிக்கிறது என்று கண்டு எழுதிய திருத்தம் அது. நாலு இன்ஜெக்டரின் நாலு கோடும் ஈ.சி.யூவில் பதிந்திருக்கும். எஞ்சினை மாற்றும்போது புது எஞ்சினோடு புது இன்ஜெக்டர்கள் வருகின்றன, ஈ.சி.யூ பெரும்பாலும் லொறியிலேயே இருந்த பழையது. அது கழற்றி எறியப்பட்ட நாலு இன்ஜெக்டருக்கான கணக்கை வைத்துக்கொண்டு புதிய நாலையும் ஓட்டுகிறது. இன்ஜெக்டரும் நல்லது, எஞ்சினும் நல்லது, ஆனால் ஐட்லிங் கரடுமுரடாக இருக்கும். நாலு கோடையும் பார்த்து எழுதி, ஸ்கேனரால் ஏற்றினால் சரியாகிவிடும். இதைத் தெரியாமல் நல்ல இன்ஜெக்டர் நாலையும் பம்ப் ரூமுக்கு அனுப்பிச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு முக்கியமான வேறுபாடு. பம்ப் எஞ்சின் தன் நோயை மறைக்காது. ஒரு சிலிண்டர் பலவீனமானால் எஞ்சின் ஆடும், அவ்வளவுதான். கொமன் ரெயில் அப்படியல்ல. ஒவ்வொரு வெடிப்பின் போதும் கிராங் எவ்வளவு வேகம் பிடிக்கிறது என்று ஈ.சி.யூ அளந்து, பலவீனமான சிலிண்டருக்கு டீசலைக் கூட்டியும் பலமானதுக்குக் குறைத்தும் ஐட்லிங்கைச் சமப்படுத்தும். வால்வு ஒழுகும் சிலிண்டர்கூட ஐட்லிங்கில் நல்ல பிள்ளையாக நிற்கும். இங்கே காதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஸ்கேனரில் நாலு சிலிண்டருக்கும் எவ்வளவு கூட்டல், எவ்வளவு கழித்தல் என்று பார்த்தால், மூன்று பூச்சியத்தை ஒட்டியும் ஒன்று மட்டும் பெரிய கூட்டலிலும் நிற்கும். அந்தக் கூட்டல்தான் மிஸ்ஸிங்.

இனி, சேருமிடம். பழைய எல்ஃபில் டாங்கியிலிருந்து பம்ப் வரை டீசலை இழுப்பது ஃபீட் பம்ப். டாங்கியிலிருந்து ஃபீட் பம்ப் வரையான தூரம் முழுவதும் உறிஞ்சும் பக்கம். அங்கே ஒரு வாய் விரிந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். ஆகவே துடைத்துத் தடவிப் பார்த்தால் எங்கும் ஈரம் இராது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். எஞ்சின் மாற்றும்போது ஹோஸ்கள் கழற்றப்பட்டு மறுபடி செருகப்படுகின்றன. பத்துப் பதினைந்து வருடம் ஒரே இடத்தில் கிளிப் கடித்துக் கிடந்த ரப்பர் அந்த இடத்தில் இறுகிப் பள்ளம் விழுந்திருக்கும். அரை அங்குலம் தள்ளிச் செருகினால் பள்ளம் வழியே காற்று போகும். யூனியன் போல்ட்டின் செப்பு வாஷரும் இப்படித்தான். ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போட்டால், நகத்தால் தடவும்போது தட்டுப்படும் ஒரு மெல்லிய வரி போதும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு துண்டு கண்ணாடி ஹோஸைப் போட்டு எஞ்சினை ஓட விட்டால் குமிழ் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். இன்னும் எளிது, சுத்தமான டீசல் ஊற்றிய கேனை உயரமாகத் தூக்கிக் கட்டி, அதிலிருந்து நேரே ஃபீட் பம்புக்கு ஒரு புது ஹோஸை விடுவது. மிஸ்ஸிங் போய்விட்டால் எஞ்சின் நல்லது. பிழை டாங்கியிலோ வழியிலோ இருக்கிறது.

மீன் லொறியில் இதற்குச் சமமான சோதனை பற்றரியிலிருந்து தொடங்குகிறது. கூலர் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி, மீனின் உப்பும் இரத்தமும் கலந்த தண்ணீர் இரவெல்லாம் சேஸியில் சொட்டுகிறது. கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. எர்த் கேபிள் சேஸியில் பூட்டப்படும் இடத்தில் போல்ட்டின் தலை பளபளப்பாக இருந்தாலும், அதைக் கழற்றிப் பார்த்தால் லக்கின் அடியில் பழுப்பும் பச்சையுமாக ஒரு தகடு படிந்திருக்கும். எஞ்சின் மாற்றியபோது அந்த லக்கைத் தேய்க்காமல் திரும்பப் பூட்டியிருப்பார்கள். சில வேளை எஞ்சினுக்கும் சேஸிக்கும் இடையிலான பட்டையைப் பூட்டவே மறந்திருப்பார்கள். பழைய பம்ப் எஞ்சினில் இதனால் ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. ஓடத் தொடங்கினால் ஓடும். கொமன் ரெயிலில் சென்சரும் இன்ஜெக்டரும் ஈ.சி.யூவும் அந்த எர்த்தை நம்பியே பேசுகின்றன. எர்த் தடுமாறினால் சீரில்லாத மிஸ்ஸிங் வரும். ஸ்கேனர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிழைக் கோட் காட்டும். தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றைப் பற்றரி மைனஸிலிருந்து நேரே எஞ்சின் புளொக்குக்குக் கடித்துப் பார்த்து, மிஸ்ஸிங் நின்றால் தேடல் அங்கேயே முடிந்தது. கேன் சோதனைக்கும் ஜம்பர் சோதனைக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. எஞ்சினைத் திரும்பக் கொழும்புக்கு ஏற்றுவதைப் பற்றிப் பேசும் முன் தன் லொறிக்கு உரிய சோதனையைச் செய்யாதவர் சொல்வதை நான் கேட்கப் போவதில்லை.

டைமிங்கிலும் பாதை பிரிகிறது. வரிசைப் பம்பைக் கழற்றிப் பூட்டியிருந்தால் அடையாளக் கோட்டைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் வெள்ளைப் புகை கண்ணை எரிக்கும், முந்தினால் எஞ்சின் கல் அடிப்பதுபோல் தட்டும். கொமன் ரெயிலில் டைமிங்கைச் சொல்வது கிராங் சென்சரும் கேம் சென்சரும். சென்சரின் காந்த முனையில் இரும்புத் தூள் படிந்திருந்தால் விட்டு விட்டு வெட்டும். கழற்றித் துடைப்பதற்குச் சில நிமிடம் போதும்.

இரண்டும் ஒன்றுபடும் இடங்களும் உண்டு. டெபட் கிளியரன்ஸ் இரண்டிலும் குளிர்ந்த நிலையில் 0.40 மில்லிமீற்றர். யார்டில் எவ்வளவு காலம் கிடந்தது என்று தெரியாத எஞ்சினை ஃபீலர் கேஜ் வைக்காமல் பூட்டக் கூடாது. கொம்பிரஷனும் அப்படியே. நாலு சிலிண்டரையும் அளந்து எழுதும்போது தனி எண்ணைவிட நாலுக்கும் இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். மூன்று ஒன்றாக நிற்க ஒன்று மட்டும் கீழே கிடந்தால், அது எஞ்சினின் பிழை. ரிங் துருவேறி ஒட்டியிருக்கலாம், வால்வு உட்காராமல் இருக்கலாம். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விற்றவரிடம் பேசலாம். அப்படி இல்லாமல் சும்மா “மிஸ் அடிக்குது” என்று மட்டும் சொன்னால், லொறியில்தான் பிழை என்று அவர் சொல்வதை மறுக்க வழியில்லை.

கொமன் ரெயிலில் அலுத்துப்போன சில உரிமையாளர்கள் அதைத் தூக்கிவிட்டு 4 எச்.எஃப்.1 அல்லது 4,570 சி.சி. கொண்ட 4 எச்.ஜி.1 பம்ப் எஞ்சினைப் பூட்டச் சொல்கிறார்கள். அவர்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது; ஆனாலும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பம்ப் எஞ்சினின் சேருமிடமான பழைய டாங்கியும் ஹோஸும் அப்படியே இருக்க, மீட்டரும் வயரிங்கும் அரைகுறையாகத் துண்டிக்கப்பட, லொறி இரண்டு காலத்தின் வருத்தத்தையும் சேர்த்துச் சுமக்கும். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவையும் மாற்ற வேண்டும். புகைப் பரிசோதனையும் வருடாவருடம் இருக்கிறது.

டீசலின் சுத்தம் இரண்டுக்கும் முக்கியம்தான், ஆனால் ஒரே அளவில் அல்ல. வரிசைப் பம்பின் கேம் எஞ்சின் ஒயிலில் குளித்து ஓடுகிறது. கொமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் ஒயில். 2022இல் எரிபொருள் தட்டுப்பட்ட மாதங்களில் கேனிலும் பீப்பாயிலும் தேக்கி வைத்த டீசலையும், மண்ணெண்ணெய் கலந்ததையும் குடித்த லொறிகள் இங்கே நிறைய. பழைய எல்ஃப் அதை இருமிச் சமாளித்திருக்கும். மற்றதில் பம்ப் தேய்ந்து, அந்தத் தூள் இன்ஜெக்டருக்குப் போகும். டாங்கியைக் கழுவாமல் புது எஞ்சினைப் பூட்டினால் அந்தத் தூளும் துருவும் புது எஞ்சினுக்கே போய்ச் சேரும்.

வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்க்கும் விதத்திலும் நம் ஊருக்கென்று ஒரு குறை உண்டு. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் ஏ4 வீதி தட்டையானது. வெறும் லொறியை அதில் ஓட்டிப் பார்த்தால் எஞ்சினுக்குச் சுமையே ஏறாது. ஐட்லிங்கில் மறைந்த பிழை அங்கேயும் மறைந்தே இருக்கும். மகியங்கனை தாண்டிக் கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவில், நள்ளிரவில், மீனோடுதான் அது வெளியே வரும். ஆகவே ஓட்டிப் பார்ப்பதென்றால் நெல் மூட்டையோ மணலோ ஏற்றிக்கொண்டு, உயர்ந்த கியரில், குறைந்த வேகத்திலிருந்து அக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துப் பார்க்க வேண்டும். கொமன் ரெயில் லொறியில் ஸ்கேனரைப் பதிவு செய்ய விட்டு, மிதிக்கும் கணத்தில் ரெயில் அழுத்தம் கேட்ட அளவுக்கு ஏறுகிறதா என்று பிறகு பார்க்கலாம். பம்ப் லொறியில், ஓடி வந்து நிறுத்தியதும் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து, வரும் டீசலை வெள்ளைப் போத்தலில் பிடித்துச் சற்று நேரம் வைக்க வேண்டும். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றால், டாங்கியை இறக்கிக் கழுவும் வேலை இன்னும் பாக்கி.